தேதிக்கு முன்னால், தேதிக்குப் பின்னால்: நம் வீட்டுமனை விதிகளின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது ஒரு கஷ்டமா?

ஓய்வு பெற்ற பிறகு பானிப்பட்டுப் போரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் மனை, வீடு, அப்ரூவல். "சார், பழைய விதியில் வாங்கின பிளானிலேயே கட்டட்டுமா, புது விதியில் திரும்பப் போடட்டுமா?" என்று ஒருவன். "ஐயா, 2016க்கு முன்னால் பதிவான மனை, இப்போது விற்க முடியுமா?" என்று ஒரு மாணவி. "மாமா, அப்பா கட்டின வீட்டை இடிக்கலாமா, மேலே ஒரு மாடி போடலாமா?" என்று அக்காள் மகன். நான் வக்கீலும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தேதி உட்கார்ந்திருக்கிறது. தேதி என்றால் அது என் பாடம்தானே! அதனால் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்களுக்கு வீடு கட்டும் ஒழுங்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லிக்கொடுத்ததல்ல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஸ்ரீரங்கம், மதுரை மாசி வீதி எல்லாவற்றையும் பாருங்கள். கோயில், குளம், அதைச் சுற்றி வீதி, வீதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், முன்னால் திண்ணை, நடுவில் முற்றம். பக்கத்தில் இடைவெளி கிடையாது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக வரும். அது எழுதப்படாத விதி. அந்த ஒழுங்குக்குள்ளேயே சாதிக்கொரு தெரு என்ற கொடுமையும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும். பழையது என்பதற்காக எதையும் கும்பிட வேண்டியதில்லை.

எழுதப்பட்ட விதியின் கதை முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையில் குண்டு போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதே எம்டன் அடுத்த மாதம் மினிக்காய் அருகே 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் என்ன இருந்தது தெரியுமா? பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் நகரமைப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்களும் படங்களும். சென்னையில் கண்காட்சி வைப்பதற்காக அனுப்பியிருந்தார். எல்லாம் கடலுக்குள் போய்விட்டது. மனிதர் அசரவில்லை. நண்பர்கள் அனுப்பிய புதிய படங்களை வைத்து 1915இன் தொடக்கத்தில் சென்னையிலேயே கண்காட்சியை நடத்திக் காட்டினார். ஊரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டாதே, முதலில் அந்த ஊரைப் படி, பிறகு தேவையான இடத்தில் மட்டும் கத்தி வை என்பதுதான் கெடஸ் போன இடமெல்லாம் சொன்னது. நூறு ஆண்டு கடந்தும் நம் காதில் முழுதாக ஏறாத பாடம் இது.

அவருக்குப் பின் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சென்னை அரசுக்கு ஆலோசனை சொல்ல வந்தார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதன் காலத்தில் உருவான பெரிய குடியிருப்புதான் தியாகராய நகர். 1920களில் மாம்பலம் நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து, நடுவில் பனகல் பூங்காவை வைத்து, அதிலிருந்து கதிர் விரிவது போலச் சாலைகள் போட்டார்கள். நீதிக்கட்சிக் காலம் அது. ஊருக்கே பிட்டி தியாகராயச் செட்டியார் பெயர். பூங்காவுக்கு முதலமைச்சர் பனகல் அரசர் பெயர். உஸ்மான் சாலை, நாயர் சாலை, நடேசன் பூங்கா என்று அந்தக் கட்சியின் வரலாற்றையே தெருப் பெயர்களில் படித்துவிடலாம். ஏரி போனதை மேற்கு மாம்பலத்தின் 'லேக் வியூ ரோடு' இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ரோடு இருக்கிறது, வியூ இருக்கிறது, லேக்தான் இல்லை.

தி.நகரை அமைத்தவர்கள் பெரிய மனைகள், அகலமான சாலைகள், வீட்டைச் சுற்றித் தோட்டம் என்று நினைத்துத்தான் கோடு போட்டார்கள். இன்று ரங்கநாதன் தெருவில் நடக்கிறவர்களுக்கு அது நம்ப முடியாத கதை. சாலை அதேதான். மேலே ஏறியிருக்கும் சுமைதான் வேறு. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த பெரிய தேதி 1971. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்பின் சென்னைக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது நாம் சொல்லும் சி.எம்.டி.ஏ. மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. 1975இல் சென்னையின் முதல் முழுமைத் திட்டம் வந்தது. இது முதன்மைக் குடியிருப்பு, இது கலப்புக் குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று நிலத்துக்கு வண்ணம் பூசினார்கள். உங்கள் மனை எந்த வண்ணத்தில் விழுகிறதோ அதுதான் அதன் ஜாதகம்.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளைத் 'தொடர் கட்டடப் பகுதி' என்று பிரித்து, அங்கே பக்கத்தில் இடைவெளி விட வேண்டாம் என்றார்கள். இருபதடி அகல மனையில் இரண்டு பக்கமும் இடம் விடச் சொன்னால் மிஞ்சுவது நடைபாதைதான். பழைய தெருவுக்குப் பழைய ஒழுங்கு, புதிய நகருக்குப் புதிய ஒழுங்கு. கெடஸ் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்.

இப்போது எல்லோரும் பேசும் எஃப்.எஸ்.ஐ. தமிழில் தளப்பரப்புக் குறியீடு. ஒன்றுமில்லை, எளிய பெருக்கல்தான். மனையின் பரப்பை இந்த எண்ணால் பெருக்கினால், எல்லா மாடியும் சேர்த்து எவ்வளவு கட்டலாம் என்று தெரியும். 2008இல் இரண்டாம் முழுமைத் திட்டம் வந்தபோது சாதாரணக் குடியிருப்புக்கு இது 1.5. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அப்படியானால் 3600 சதுர அடி கட்டலாம். 2019 பிப்ரவரி 4 அன்று தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த விதிகளை ஒரே புத்தகமாக்கினார்கள். அதில் எஃப்.எஸ்.ஐ. 2 ஆனது. அதே கிரவுண்டில் 4800 சதுர அடி. உயரமான கட்டடம் என்ற வகைக்குள் போகாமல் 18.30 மீட்டர் வரை எழுப்பலாம் என்றும் ஆனது. ஒரே இரவில், ஒரு செங்கல்கூட நகராமல், ஒவ்வொரு கிரவுண்டுக்கும் காகிதத்தில் 1200 சதுர அடி கூடிவிட்டது. சென்னையில் சதுர அடி என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் வரலாறு கேட்கும் கேள்வி. விதி மாறும்போது, பழைய விதியின் கீழ் பாதி வழியில் நிற்பவன் எந்தப் பக்கம்? பழையதா, புதியதா, யார் தேர்ந்தெடுப்பது?

நியூயார்க்கைப் பாருங்கள். 1915இல் அங்கே ஈக்விட்டபிள் கட்டடம் என்று சுமார் 40 மாடியில் தெரு ஓரத்திலிருந்து நேராக மேலே எழுப்பினார்கள். பக்கத்துத் தெருக்களில் வெயிலே விழவில்லை. ஊர் கூச்சல் போட்டது. 1916இல் விதி வந்தது: மேலே போகப் போகப் படிக்கட்டு போல உள்ளே தள்ளிக் கட்டு. ஆனால் மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு எல்லை தாராளமாக இருந்தது. அந்த விதிப்படி எல்லா மனையிலும் முழுதாகக் கட்டினால் அந்த நகரத்தில் ஐந்தரைக் கோடிப் பேர் வாழலாம் என்று பின்னாளில் கணக்குப் போட்டார்கள். அதனால் 1960 டிசம்பரில் தளப்பரப்புக் குறியீட்டோடு புதிய விதியை ஏற்றார்கள். ஆனால் அமலுக்கு வந்தது 1961 டிசம்பரில். நடுவில் ஓராண்டு அவகாசம். பழையது வேண்டுமா, புதியது வேண்டுமா, கட்டுகிறவன் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என்ன நடந்திருக்கும்? பழைய விதியில் அதிகம் கட்டலாம் என்பதால் அடுக்குமாடி விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. புதிய விதி வந்த பிறகும் சில ஆண்டுகளுக்குப் பழைய விதிக் கட்டடங்களே எழுந்துகொண்டிருந்தன.

அதாவது தேர்வு என்ற சொல் நியாயமாகத் தோன்றும். ஆனால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது? சேதி முன்கூட்டியே தெரிந்து, கையில் பணமும் வரைபடமும் வைத்திருந்தவர்களுக்கு.

நம் நாட்டில் நீதிமன்றம் வேறு வழியில் போனது. மேற்கு வங்கத்தில் ஹௌரா மாநகராட்சி வழக்கு, இருபது ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரு நிறுவனம் கூடுதல் மாடிகளுக்கு விண்ணப்பித்திருந்தது. அனுமதி வருவதற்குள் அந்தச் சாலையில் உயரத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. "நாங்கள் விண்ணப்பித்த நாளில் பழைய விதிதானே இருந்தது" என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விண்ணப்பம் போட்டதாலேயே உரிமை வந்துவிடாது, அனுமதி தரும் நாளில் எந்த விதி இருக்கிறதோ அதுதான் செல்லும் என்றது. ஆகவே பிள்ளைகளே, "பழைய விதியில் அப்ளை பண்ணிட்டேன், அது போதும்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அரசு தனியாக ஏதாவது இடைக்காலச் சலுகை எழுதியிருந்தால் மட்டுமே உங்களுக்குத் தேர்வு. கையில் இருக்கும் அனுமதிக்கும் ஆயுள் உண்டு. அது முடிந்துவிட்டால் பழைய விதியும் அதோடு போச்சு.

இனி நம் ஊரின் தேதிகள். விதி மீறிய கட்டடங்கள் பெருகியதும், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28க்கு முன் கட்டியிருந்தால் பணம் கட்டி வரன்முறைப்படுத்தலாம். ஒரே ஒரு முறைதான் என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று அது நீண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல், முதல் முறை சரி, பிறகு வந்த நீட்டிப்புகள் செல்லாது என்றது. அதன்பின் 113-சி வந்தது. இப்போது தேதி 2007 ஜூலை 1. தேர்வுக்கு வராத பையனுக்கு ஒருமுறை மறுதேர்வு வைத்தால் கருணை. ஒவ்வொரு வருடமும் வைத்தால் மற்ற பிள்ளைகள் எதற்குப் படிப்பார்கள்? எனக்கு மிக வருத்தம் தரும் இடம் இதுதான். சட்டப்படி மூன்றடி விட்டு, மாடியைக் குறைத்து, வாடகை வருமானத்தை விட்டுக்கொடுத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் முழுதாகக் கட்டிவிட்டுப் பிறகு அபராதம் கட்டி நேராகிவிட்டார். நேர்மையாக நடந்தவரின் மனைவி, "ஊரெல்லாம் பிழைக்கத் தெரிஞ்சிருக்கு" என்று அவரைத்தான் திட்டினார்.

மனைகளின் கதை இன்னும் வேதனை. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற சொல்லை நம்பி எத்தனை பேர் வாங்கினீர்கள்! வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று சம்பாதித்த பணம், டீச்சர் வேலையில் சேர்த்த வைப்புநிதி. கிராமப் பஞ்சாயத்துக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க இருந்தவர்கள் பத்திரத்தை வைத்துக்கொண்டு விழித்தார்கள். பிறகு 2016 அக்டோபர் 20 என்ற தேதி வந்தது. அதற்கு முன் வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு ஒரு வழி, பிந்தையவற்றுக்கு வழியில்லை. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. அவகாசம் பலமுறை நீண்டது.

இந்தச் சலுகையை நான் குறை சொல்லவில்லை. ஏமாந்தவர்களைத் தெருவில் நிறுத்த முடியாது. ஆனால் வித்தவர்கள் லாபத்தோடு போனார்கள், வாங்கினவர்கள் கட்டணம் கட்டினார்கள். முறையான மனைப்பிரிவாக இருந்திருந்தால் சாலைக்கு அகலம் இருந்திருக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்தில் ஒரு பங்கு பூங்காவாகப் பொதுவுக்கு வந்திருக்கும். இன்று அந்தத் தெருக்களில் ஆம்புலன்ஸ் திரும்ப இடமில்லை. பணம் கட்டிக் காகிதத்தை நேராக்கலாம், விடாத சாலையை எங்கிருந்து கொண்டுவருவது?

சரி, அக்காள் மகனுக்கு வருகிறேன். அத்தான் 1980களில் ஒரு கிரவுண்டில் கட்டிய வீடு. கீழும் மேலுமாக இரண்டு தளம். பின்னால் கிணறு, மாமரம். பிள்ளைகள் மூன்று பேர். இடித்துப் புது விதியில் கட்டினால் ஆளுக்கு ஒரு வீடும், விற்க ஒன்றும் கிடைக்கும் என்று கட்டுநர் ஒருவர் கணக்குக் காட்டியிருக்கிறார். அக்காவுக்கு மனமில்லை. "அந்த மரத்தடியில்தான் உங்க அத்தான் பேப்பர் படிப்பாங்க" என்கிறாள்.

நான் மாப்பிள்ளையிடம் சொன்னது இதுதான். 4800 என்பது உச்ச வரம்பு, வாக்குறுதி அல்ல. பக்க இடைவெளி, கார் நிறுத்துமிடம், முன்னால் உள்ள சாலையின் அகலம் இவை எல்லாம் போகத்தான் மிச்சம். அஸ்திவாரம் தாங்குமா என்று தகுதியான பொறியாளர் எழுதித் தராமல் பழைய வீட்டின் மேல் மாடி ஏற்றாதே. மூன்றாவது கேள்விதான் பெரியது. தெருவில் இருக்கிற இருபது வீடும் இதையே செய்தால் என்ன ஆகும்? கழிவுநீர்க் குழாய் அதே பழைய குழாய். நிலத்தடி நீர் அதே நீர். ஒரு வீட்டுக்குச் சரியாகத் தெரிவது இருபது வீட்டுக்கும் சரியாகத் தெரிய வேண்டும். தி.நகர் சாலையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

புது விதி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எஃப்.எஸ்.ஐ.யைக் குறைவாகவே வைத்திருந்தால் ஊர் பக்கவாட்டில் பரவும். ஏரியும் வயலும் மனையாகும். முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்று ஒரு குடியிருப்புக்குப் பெயரே இருக்கிறது! 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்ததை நாம் பார்த்தோம். மேலே கட்டவிடுவது கீழே உள்ள ஏரியைக் காக்கும் என்றால் நான் மேலே கட்டுவதற்கே கை தூக்குவேன். வேலைக்கு வரும் இளம் குடும்பங்கள் வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்கு வெளியே போவதும் நிற்க வேண்டும். ஆனால் மேலே கட்ட அனுமதிக்கும் அதே கை குழாயையும் வடிகாலையும் பேருந்தையும் கூட்ட வேண்டும். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களே, அந்த அறிவு எல்லா இடத்துக்கும் வேண்டும்.

இதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதில் முன்னால் கட்டியவன், பின்னால் கட்டியவன் என்ற பேதம் இல்லை. பழைய வீடு, புது வீடு எல்லோரும் தொட்டி கட்டினோம். முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினோம், ஆனால் கட்டினோம். அடுத்த மழைக்குப் பல இடங்களில் கிணறு ஊறியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்: எவ்வளவு கட்டலாம் என்பதில் பழைய விதி, புது விதி என்று தேதி பார்க்கலாம். அனுமதி வாங்கி நம்பிக் கட்டியவனை நடுவில் நிறுத்துவது நியாயமில்லை. ஆனால் தண்ணீர், தீ, உயிர் சம்பந்தப்பட்ட விதிக்குத் தேதி பார்க்கக் கூடாது. அது எல்லோருக்கும் ஒன்று.

மனையோ வீடோ வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விளம்பரத்தில் இருக்கும் சொல்லை நம்பாமல் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை அலுவலகத்தில் சரிபாருங்கள். திட்ட அனுமதி என்ன தேதியில் வந்தது, எப்போது முடிகிறது என்று பாருங்கள். நில வகைப்பாட்டைப் பாருங்கள். வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் பழைய வருவாய் வரைபடத்தில் அந்த இடம் என்னவாக இருந்தது என்றும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அடுக்குமாடி வாங்கினால் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் படியுங்கள். நாளைக்கு இடித்துக் கட்டும்போது பேசப்போவது அதுதான்.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். நகராட்சியில் இருக்கிறீர்கள், கட்டட ஒப்பந்தம் எடுக்கிறீர்கள், பத்திரம் எழுதுகிறீர்கள். நான் எழுதியதில் விடுபட்டது இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். அக்காள் வீட்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. மூன்று பிள்ளைகளும் ஆடிக்குப் பிறகு கூடிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாமரத்தை விட்டுவிட்டுப் பிளான் போட முடியுமா என்று ஒரு பொறியாளர் மாணவனிடம் கேட்டிருக்கிறேன். அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அடுத்த பதிவில் செங்கல்பட்டு ஏரிகளைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்